ஞாயிற்றுக்கிழமை மட்டும் படுக்காத மோட்டார்

துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பொதுவாக இரண்டு ரகம். வந்ததும் அழுகிறவர்கள் ஒரு ரகம், வந்ததும் கத்துகிறவர்கள் இன்னொரு ரகம். அன்று காலை மாடிப்படி ஏறி வந்த மனிதர் இரண்டிலும் சேரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜைமேல் திறந்து கிடந்த கோந்து பாட்டிலை எடுத்து இறுக்கி மூடினார். ரேடியோவின் பேனாவுக்கு மூடி போட்டார். அதற்குப் பிறகுதான் வணக்கம் சொன்னார்.

ரேடியோ என்பது அங்கே இருந்த உதவியாளனின் பட்டப்பெயர். வாய் ஓயாமல் பேசுகிறான் என்பதற்காக அவனுடைய அண்ணி வைத்தது, நாளடைவில் அவனே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டான். அண்ணிதான் அந்த அலுவலகத்தின் துப்பறிவாளர், முதலாளி எல்லாம். தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். "வீட்ல அண்ணன் சமையலைப் பார்த்துக்கறார், இங்க அண்ணி குற்றவாளிங்களைப் பார்த்துக்கறாங்க, ரெண்டு இடத்துலயும் திட்டு வாங்கறது மட்டும் நான்" என்று வருகிறவர்களிடம் அவன் விளக்கிச் சொல்வது வழக்கம்.

"நான் அக்கரை ஆஸ்பத்திரியில கம்பவுண்டர்," என்றார் வந்தவர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, கண்ணில் மட்டும் கலவரம். "இந்தத் துறையில படகு ஓட்டற அம்மா இருக்காங்களே, அவங்க என் வீட்டுக்காரிதான். என் மச்சானை, அதாவது அவளோட சொந்தத் தம்பியை, இன்னிக்குச் சாயங்காலம் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கப் போறா. அதுக்குள்ள அவன் எதுவும் செய்யலைன்னு நீங்க நிரூபிக்கணும்."

"செஞ்சிருந்தா?" என்று கேட்டாள் அண்ணி.

"செஞ்சிருக்க மாட்டான்."

"ஒருவேளை செஞ்சிருந்தா?"

"அப்பவும் செய்யலைன்னு நிரூபிக்க முடியுமா?"

"அது வக்கீல் வேலை சார், எதிர் மாடி," என்றான் ரேடியோ.

அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் அவன் சத்தம் ஒரு புள்ளி குறைந்தது. கம்பவுண்டர் விஷயத்துக்கு வந்தார்.

படகு மனைவியுடையது. முன்னால் நின்று அவள் ஓட்டுவாள், பின்னால் மோட்டார் பக்கத்தில் தம்பி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொள்வான். பல வருஷமாக இப்படித்தான். போன மாதம் தம்பி சொந்தமாக மோட்டார் ரிப்பேர் ஷெட் போடப்போவதாகச் சொன்னான். அக்காவுக்கு வந்ததே கோபம். இனிமேல் என் படகில் கால் வைக்காதே என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையிலேயே மோட்டார் மக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டது. கிளம்பும்போது நன்றாகக் கிளம்பும். பாதி வழியில் மூச்சு வாங்கும், இழுக்கும், சில நாள் நின்றே போகும். மறுபடி மறுபடி கிளப்பி, தவழ்ந்து தவழ்ந்து அக்கரை போய்ச் சேருவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

"திரும்பி வரும்போது?" என்றாள் அண்ணி.

"அதான் வேடிக்கை. வரும்போது குதிரை மாதிரி வரும். ஞாயித்துக்கிழமை போகும்போதும் வரும்போதும் குதிரைதான். இன்னிக்குக் காலையிலயும் பாதியில படுத்துக்கிச்சு. நான் அரை நாள் லீவு சொல்லிட்டு அதே படகுல திரும்பி வந்தேன், ஒரு குறையும் இல்ல. நாளைக்குத் துறைமுக அதிகாரி படகுல ஏறிப் பார்க்கறார். அவர் முன்னாடி தவழ்ந்துச்சுன்னா ஓட்டற அனுமதியை ரத்து பண்ணிடுவார். தம்பிதான் பழி வாங்கறான்னு அவ முடிவே பண்ணிட்டா. போதாக்குறைக்கு, ஒரு நாள் சாயங்காலம் யாரும் இல்லாத நேரத்துல அவன் கையில ஸ்பானரோட அந்த மோட்டார்கிட்ட குனிஞ்சுட்டு இருந்ததைப் பார்த்துட்டா."

"இது கொஞ்சம் இடிக்குதே சார்," என்றான் ரேடியோ.

கம்பவுண்டரின் குரல் தரையோடு தரையாக இறங்கிவிட்டது. "நான்தான் வரச் சொன்னேன். அக்காவுக்குத் தெரியாம வந்து என்னன்னு பாருடான்னேன். வந்து ஃபில்டர் மாத்தினான், பிளக் மாத்தினான்."

"இதை அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

கம்பவுண்டர் ரேடியோவைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"இன்னும் இல்ல சார்."

"அதான்."

அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கிளம்புவதற்கு முன் கிழிந்த உறையை ஒட்டலாம் என்று ரேடியோ கோந்து பாட்டிலைத் திறக்கப் பார்த்தான். பல்லைக் கடித்துத் திருகியும் மூடி அசையவில்லை. ஆள் ஒல்லியாக இருந்தாலும் கையில் நல்ல பிடி என்று நினைத்துக்கொண்டு பாட்டிலை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

படகுத்துறை பக்கத்துத் தெருமுனையில்தான் இருந்தது. சிமெண்டுப் படிகள், டயர் கட்டிய கம்பங்கள், டிக்கெட் கொடுக்கும் தகரக் கொட்டகை. படிக்குக் கீழே பச்சை நிறப் படகு, மேலே தார்ப்பாய்க் கூரை, வரிசையாகப் பலகை இருக்கைகள். ரேடியோவுக்கு நீச்சல் தெரியாது. குளியலறையில் வாளி நிறைந்திருந்தாலே கொஞ்சம் தள்ளி நிற்கிற ஆள். அந்தத் தண்ணீரையும் அதன் அகலத்தையும் பார்த்ததும் அவன் ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டான்.

படகுக்காரம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் சாதாரணமாகப் பேசினாலே அக்கரையில் இருப்பவர்கள் என்னவென்று கேட்பார்கள், அன்று அவள் சாதாரணமாகவும் பேசவில்லை.

"துப்பறியறதுக்கு இதுல என்ன இருக்கு? அவன் விலகின மறுநாள் ஆரம்பிச்சுது. ஞாயித்துக்கிழமை அவன் ஷெட்டுக்கு லீவு, அன்னிக்கு என் மோட்டாருக்கு ஒரு நோவும் இல்ல. என் கண்ணாலயே ஸ்பானரும் கையுமா பார்த்திருக்கேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?"

"சதி பண்றவங்களுக்கே வார லீவு உண்டாம்," என்றான் ரேடியோ அண்ணியைப் பார்த்து. "நம்ம ஆபீஸ்ல எப்ப வரும்?"

"நீ வேலை செய்ய ஆரம்பிச்ச அடுத்த வாரம்," என்றாள் அண்ணி. பிறகு படகுக்காரம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஸ்பானரோட பார்த்தீங்களே, அப்ப என்னன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். 'எடுத்து வச்சிட்டு இறங்குடா'ன்னு கேட்டேன்."

"அது கேள்வி இல்லையே."

கம்பவுண்டர் தூரத்துப் பறவை எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அண்ணி படகின் பின்பக்கம் போனாள். ரேடியோ இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பின்தொடர்ந்தான். படகின் வால்பக்கத்துப் பலகையில் மோட்டார் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசி இருக்கைக்கு அடியில் சிவப்பு பெட்ரோல் டாங்க். அதிலிருந்து மோட்டாருக்குக் கறுப்பு ரப்பர் குழாய், குழாயின் நடுவில் கைக்கு அடக்கமாக ஒரு ரப்பர் குமிழ். அதை அமுக்கி அமுக்கித்தான் முதலில் பெட்ரோலை மோட்டாருக்கு ஏற்ற வேண்டும். அண்ணி குமிழை அமுக்கினாள். டாங்கின் மூடியையும் மூடியின் உச்சியிலிருந்த சின்னத் திருகையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். விசிறியில் கயிறோ பாசியோ சுற்றியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"அதெல்லாம் பார்த்தாச்சு," என்றாள் படகுக்காரம்மா. "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கான்னு பார்த்தாச்சு. சூடாகுதான்னு பார்த்தாச்சு, குளிர வைக்கிற தண்ணி நல்லாத்தான் பீச்சி அடிக்குது."

"கம்பவுண்டர் சார், காலையில நீங்க எங்க உட்காருவீங்க?"

"இங்கதாங்க, கடைசியில. மச்சான் உட்கார்ந்த இடம் இப்ப காலிதானே. கொஞ்சம் பெட்ரோல் வாடை வரும், மத்தபடி காத்து நல்லா வரும்."

"நீங்க கரையிலயே இருங்க. நாங்க ஒரு சுத்து போயிட்டு வர்றோம்."

படகு கிளம்பியது. ரேடியோ கூரைக் கம்பத்தை உடன்பிறப்பு போலக் கட்டிக்கொண்டான். பாதி வழி வந்தது. மோட்டார் சிணுங்கக்கூட இல்லை. பாதி தாண்டியும் அதே சீரான சத்தம். படகுக்காரம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது.

"பாருங்க, வேணும்னே இப்ப நல்லா ஓடுது!"

"டாக்டர் கை வச்சதும் காய்ச்சல் குறையுமே, அந்த மாதிரிம்மா," என்றான் ரேடியோ கண்ணைத் திறக்காமல். "அப்படியே திருப்பிடுங்க. காய்ச்சல் இல்லைன்னா ஆஸ்பத்திரிப் பக்கம் நமக்கு என்ன வேலை?"

கரையில் கால் பட்டதும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கிருந்து நேராகத் தம்பியின் ஷெட்டுக்குப் போனார்கள்.

ஷெட் என்றால் ஒரு கதவு, ஒரு விளக்கு, மரச் சட்டத்தில் மாட்டிய இரண்டு மோட்டார்கள். தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் ஒரு மோட்டார் காலை விட்டுக்கொண்டு நின்றது. மெக்கானிக் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தான். அக்காவின் அதே மூக்கு, ஆனால் குரல் கால்வாசிதான்.

"மாமா அனுப்பினாரா?" என்றான். அக்கா வீட்டுக்காரரைத்தான் சொன்னான். "அவருக்கு மனசு கேக்காது. கரையில வச்சுப் பார்த்தா அந்த மோட்டார்ல ஒரு குறையும் இல்லைங்க. அது எங்க அக்கா மாதிரி. நாலு பேர் முன்னாடி தங்கமா இருக்கும்."

"பாதி வழியில படுக்கும்போது நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள் அண்ணி.

"எப்படிப் பார்க்கறது? படகுல கால் வைக்கக் கூடாதுன்னுட்டா. போன் பண்ணினா எடுக்கறதில்ல. நோயாளி எழுந்து வீட்டுக்குப் போன பிறகு கட்டிலைப் பார்த்து வைத்தியம் சொல்லுன்னா நான் என்ன சொல்ல?"

"சாயங்காலம் போலீஸ் வரும்னு தெரியுமா?"

"தெரியும்." அவன் சிரித்தான். ஆனால் கையிலிருந்த ஸ்பானரில் ஏற்கெனவே பளபளத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். "அக்காவே கூட்டிட்டு வந்தா போய்த்தான் ஆகணும். தப்பு செஞ்சவன் மாதிரி ஓட முடியுமா? ஷெட்டுக்குத்தான் இனிமே யாரும் மோட்டார் கொண்டு வர மாட்டாங்க. சொந்த அக்கா படகையே கெடுத்தவன்கிட்ட யாரு குடுப்பா?"

ரேடியோவுக்கு இதற்குப் பதிலாக வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இன்னிக்கு முழுக்க போனைக் கையிலயே வச்சிருங்க," என்று சொல்லிவிட்டு அண்ணி வெளியே வந்தாள்.

தெருவில் நடக்கும்போது ரேடியோ பழைய நிலைக்குத் திரும்பினான். "அண்ணி, நல்லவன் மாதிரி பேசறவனைத்தான் நம்பக் கூடாது. எனக்கென்னவோ அவர் மோட்டாருக்குள்ள ஏதோ ஒரு பொடி போட்டிருக்கார். போகும்போது கரையும், வரும்போது கரையாது."

"ஞாயித்துக்கிழமை?"

"பொடிக்கு லீவு."

"தம்பி, மோட்டாருக்குக் கிழமை தெரியுமா?"

"தெரியாது."

"போறோமா வர்றோமான்னு தெரியுமா?"

"அதுவும் தெரியாது."

"அப்ப கிழமையும் தெரிஞ்சு, போறது வர்றதும் தெரிஞ்சது எது?"

ரேடியோ யோசித்தான். "ஆளுங்க."

"அவ்வளவுதான் கேஸ்," என்றாள் அண்ணி. ரேடியோ எல்லாம் புரிந்தவன்போலத் தலையாட்டினான். எதுவும் புரியவில்லை என்பதை அவன் நடை காட்டிக்கொடுத்தது.

துறையில் அண்ணி ஒரே ஒரு உத்தரவு போட்டாள். காலையில் யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே இருக்க வேண்டும். படகுக்காரம்மா முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்து நிற்க வேண்டும், கம்பவுண்டர் கடைசி இருக்கையில். ரேடியோ அவருக்குப் பக்கத்தில். அண்ணி மட்டும் டாங்க் மூடியை மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டு முன்னால் போய்ப் படகுக்காரம்மாவின் அருகே, பின்பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"ஒரே நாள்ல ரெண்டு தடவை என்னைத் தண்ணிக்குள்ள அனுப்பறீங்க அண்ணி. அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். ராத்திரிக்கு அரிசி குறைச்சுப் போடறேன்னார்."

மோட்டார் உறுமியது. கரை பின்வாங்கியது. ரேடியோ கண்ணை இறுக மூடிக்கொண்டு தனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டான். கம்பவுண்டர் ஒருமுறை குனிந்து நிமிர்ந்தார், அவருடைய தோள் இவன்மேல் இடித்தது. "மன்னிச்சுக்கங்க தம்பி," என்றார். நல்ல மரியாதையான மனிதர்.

பாதி வழியில் அது நடந்தது. சத்தம் முதலில் கம்மியது. பிறகு இருமியது. படகு மூக்கைத் தாழ்த்திக்கொண்டு தளர்ந்தது. படகுக்காரம்மா விசையை முழுக்கத் தள்ளியும் மோட்டார் இன்னும் இரண்டு முறை செருமிவிட்டு நின்றுபோனது. சுற்றிலும் ஒரே அமைதி. ரேடியோ ஒரு கண்ணைத் திறந்தான். நாலு பக்கமும் தண்ணீர். மறுபடி மூடிக்கொண்டான்.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" படகுக்காரம்மாவின் குரலில் கோபத்தோடு ஒரு வெற்றியும் இருந்தது. "அவன் வேலைதான் இது. நான் இப்பவே போலீஸுக்கு போன் போடறேன்."

"போடுங்க. அதுக்கு முன்னாடி அதே போன்ல உங்க தம்பியைக் கூப்பிடுங்க," என்றாள் அண்ணி.

"அவனையா? நானா?"

"படுத்துக்கிட்டதுன்னு அவர்மேல பழி போடறீங்க. படுத்திருக்கும்போது அவரை ஒரு தடவையாவது கூப்பிட்டுக் கேட்டீங்களா? கேளுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, எல்லாரும் கேக்கலாம்."

"நான் கூப்பிட மாட்டேன்."

"சரி. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்று அண்ணி வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு இருக்கு!" என்று அலறினான் ரேடியோ. "அம்மா, உங்க கால்ல விழறேன். எழுந்து நிக்கப் பயமா இருக்கு, உட்கார்ந்துட்டே விழறேன்."

படகுக்காரம்மா போனை எடுத்தாள். எண்ணைத் தேடவில்லை, விரல் தானாகவே அழுத்திக்கொண்டு போனது. முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்தாயிற்று.

"அக்கா?"

அவள் போனை அண்ணி பக்கம் நீட்டினாள். அண்ணிதான் நிலைமையைச் சொன்னாள். மெக்கானிக் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை.

"குழாய் நடுவுல இருக்கற குமிழை அமுக்கிப் பாருங்க. கெட்டியா இருக்கா, தட்டையா இருக்கா?"

ரேடியோ கையை நீட்டித் தடவினான். "சப்பையா ஒட்டிப்போயிருக்குங்க. டாங்க்கோட வயிறும் உள்ள இழுத்துக்கிட்டு இருக்கு."

"டாங்க் மூடி உச்சியில ஒரு சின்னத் திருகு இருக்கும். அது திறந்திருக்கா?"

"இறுக்கி மூடியிருக்கு. அடேயப்பா, திருகவே முடியல." ரேடியோ பல்லைக் கடித்துத் திருகினான். திருகு இளகியதும் டாங்க் நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. உஸ்ஸென்ற அந்தச் சத்தம் படகில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

"அதான் நோவு," என்றான் மெக்கானிக். "பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து உள்ள போகணும். அந்தத் திருகு வழியாத்தான் போகும். மூடிட்டா கொஞ்ச தூரம் இழுக்கும், அப்புறம் உறிஞ்ச முடியாம படுத்துக்கும். குமிழ் கெட்டியாகற வரைக்கும் அமுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

"பழச்சாறு டப்பாவுல ஸ்ட்ராவைப் போட்டு உறிஞ்சினா டப்பா ஒட்டிக்குமே, அதானா?" என்றான் ரேடியோ குமிழை அமுக்கிக்கொண்டே. படகுக்காரம்மா சாவியைத் திருகினாள். மோட்டார் எதுவுமே நடக்காததுபோல உறுமியது. ஆனால் அவள் படகை நகர்த்தவில்லை, போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"அப்ப இத்தனை நாளா யாரோ மூடியிருக்காங்க. அந்தத் திருகைப் பத்தி உனக்குத்தான் தெரியும். யார்றா மூடினது?"

அந்தப் பக்கம் ஸ்பானரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நான்தான்கா," என்றான் தம்பி. "நான்தான் மூடியிருப்பேன். திட்டிக்கோ."

"கேட்டீங்களா!" படகுக்காரம்மா அண்ணியைப் பார்த்துக் கத்தினாள். "வாயாலயே ஒத்துக்கிட்டான்!"

ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஷெட்டில் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த மனிதனை அவன் கடைசியில் நம்பித்தான் இருந்தான். இப்படி அநியாயமாக முடிகிற கேஸை அவன் பார்த்ததே இல்லை. அண்ணியைப் பார்த்தான். அவள் முகத்தில் சலனமே இல்லை.

"பொய் சொல்றார்," என்றாள் அண்ணி. "காலையில படகுல ஏறினதும் அந்தத் திருகை நானே தொட்டுப் பார்த்தேன், திறந்திருந்துச்சு. முதல் சுத்துலயும் திறந்துதான் இருந்துச்சு. அதான் ஓடுச்சு. ரெண்டாவது சுத்து கிளம்பறதுக்கு முன்னாடியும் பார்த்தேன். மூடினது இந்தப் படகு நகர ஆரம்பிச்ச பிறகு. தம்பி ஷெட்ல இருக்கார். கடைசி சீட்டுல ரெண்டே பேர்."

படகுக்காரம்மா மெதுவாகத் திரும்பி ரேடியோவை முறைத்தாள்.

"அய்யய்யோ, நான் கண்ணையே திறக்கலம்மா!" என்றான் ரேடியோ. "எனக்குத் திருகுற வேலையே வராது, ஆபீஸ்ல கோந்து பாட்டிலைக் கூட..." வாய் பாதியில் நின்றது. கோந்து பாட்டில். பேனா. இடித்த தோள். அவன் திருதிருவென விழித்தபடி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தான்.

கம்பவுண்டர் எழுந்து நின்றார். படகு ஆடியது. முகம் பேயறைந்தது போல இருந்தது.

"நான்தான்," என்றார். "தினமும் நான்தான் மூடறேன்."

படகுக்காரம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. அவளை அறிந்தவர்கள் யாரும் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை.

"பெட்ரோல் வாடை வந்துச்சு," என்றார் கம்பவுண்டர். "வாடை வந்தா ஆவியா போகுதுன்னு அர்த்தம். நீ வேற பெட்ரோல் சீக்கிரம் தீருதுன்னு சொல்லிட்டே இருந்தே. ஆஸ்பத்திரியில ஸ்பிரிட் பாட்டில் மூடி லேசா இருந்தாலே டாக்டர் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார். உனக்கு மிச்சம் பண்ணிக் குடுக்கலாம்னு நினைச்சேன்."

"வரும்போது எப்படி ஓடுச்சு?"

"இறங்கும்போது பழையபடி திறந்து வச்சிடுவேன். நான் திரும்பி வர்றப்ப முன்னாடி உன் பக்கத்துலதானே உட்காருவேன். உன் படகுல ஒரு ஆணி நகர்ந்தாலும் உனக்குத் தெரிஞ்சிடுமே. திட்டுவியேன்னு."

"ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரியில மருந்து குடுக்கற இடம் லீவு," என்று முடித்தாள் அண்ணி. "சார் வீட்ல இருப்பார். தம்பி விலகின மறுநாள்தான் சாருக்கு அந்த சீட்டு கிடைச்சுது. மத்ததெல்லாம் மோட்டார்மேல வந்த சந்தேகம், மோட்டார் பாவம்."

கம்பவுண்டர் போனைப் பார்த்துக் குனிந்தார். "டேய் மச்சான், நீ ஏன்டா ஏத்துக்கிட்டே?"

"மூடியிருக்குன்னு சொன்னதுமே தெரிஞ்சுபோச்சு மாமா," என்றது போன். "நீங்க எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனா ஒரு வாரத்துக்கு எங்களால ஒரு டப்பாவையும் திறக்க முடியாதே. நான்னா ஷெட்ல இருந்து திட்டு வாங்கிப்பேன், தாங்கலைன்னா போனை வச்சிடலாம். நீங்க நடுத் தண்ணியில இருக்கீங்க, எங்க போவீங்க?"

ரேடியோவுக்குச் சிரிப்பு முட்டியது. படகுக்காரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தாள். கணவரை அவள் திட்டவில்லை. அவரை அவள் பார்க்கக்கூட இல்லை. போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலீஸுக்குப் போறேன்னு சொன்னேன்," என்றாள். குரல் அவளுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. "அப்பகூட நீ சும்மா இருந்தியேடா. நான் செய்யலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்கா. முதல் நாளே போன் பண்ணிச் சொல்ல ஆரம்பிச்சேன். நீ வச்சிட்டே. அப்புறம் நீ எடுக்கவே இல்ல."

மோட்டார் மட்டும் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. கம்பவுண்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணி தண்ணீரைப் பார்த்தாள், ரேடியோவும் பயத்தை மறந்து தண்ணீரைப் பார்த்தான்.

"இப்ப வைக்க மாட்டேன்," என்றாள் படகுக்காரம்மா. "இப்ப சொல்லு."

"எதுக்குக்கா, அதான் தெரிஞ்சுபோச்சே."

"சொல்லுடா."

"நான் செய்யலக்கா."

"தெரியும்டா," என்றாள் அவள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படகைக் கரைப் பக்கம் திருப்பினாள். துறைக்கு வந்து சேரும்வரை அவள் அந்தப் போனைக் கீழே வைக்கவே இல்லை.